ஒரு மாசோக், ஒரு தம்பா

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் எல்லாரிடமும் நோட்டு இருந்தது. வாழைமரம் போட்ட நோட்டு. அதைக் கொண்டுபோய் எதை வாங்குவது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. காஜா பெராங்கில் தம்பிராஜா வீட்டு முன்கூடத்தில் நாங்கள் நாலு பேர் ஞாயிறுதோறும் போக்கர் ஆட உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தம்பிராஜா மலாக்காச் செட்டி. பேர் தமிழ், கும்பிடுவது நம் அம்மனை, வாய் மட்டும் மலாய். தமிழை நடுவில் நடுவில் தேடி எடுத்துப் பேசுவார். சண்டைக்கு முன்னால் துரைமார் கிளப்பில் தட்டு ஏந்திக்கொண்டிருந்தவர். துரைமார் நாற்காலிக்குப் பின்னால் நின்று நின்றே போக்கரைக் கற்றுக்கொண்டார். துரைமாரை ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போனபோது அவர்களுடைய சீட்டுக்கட்டு ஒன்று இவரிடம் தங்கிவிட்டது. அதிலும் இஸ்பேடு எட்டு காணாமல்போய், சிகரெட் பெட்டி அட்டையை வெட்டிச் சேர்த்திருந்தார். அட்டை யார் கைக்குப் போனாலும் முதுகைப் பார்த்தே தெரிந்துவிடும். “அண்ணனுக்கு எட்டு வந்திருச்சி, சந்தோசம்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆட்டத்தை ஆரம்பிப்போம்.

ஆட்டம் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஆளுக்கு அஞ்சு சீட்டு. வேண்டாததைக் கீழே போட்டுவிட்டு ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாம். பிறகு ஒருவன் நடுவில் சோழி வைப்பான். மற்றவன் அதே அளவு வைக்க வேண்டும், முடியாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். வைத்தது போனதுதான். கடைசிவரை நின்றவர்கள் சீட்டைத் திருப்பிக் காட்டுவார்கள், பெரிய சீட்டுக்காரன் நடுவில் இருப்பதை வாரிக்கொள்வான்.

சோழி தம்பிராஜாவின் மனைவி சாரதாம்பாள் அக்காவுடையது. அவர் சொங்காக் பலகையில் குழிக்குக் குழி போட்டு விளையாடுகிற சோழிகள். அவருடைய தாயார் கொடுத்தவை. ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து வைப்பார். அக்காவுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. நாங்கள் பேசுவதில் மலாய்ச் சொல் விழுந்தால் மட்டும் அடுப்படியிலிருந்து காது நீளும்.

சோழியை வாங்கிக்கொண்டு ஆட்டத்துக்குள் வருவதற்கு எங்களிடம் மாசோக் என்று பேர். மலாயில் உள்ளே வருவது. இருந்ததைத் தோற்றவன் மறுபடி சோழி வாங்கினால் அது தம்பா. சோற்றுக்கடையில் இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்பதற்கும் அதே சொல்தான். முதலில் நோட்டைக் கொடுத்துத்தான் சோழி வாங்கினோம். நோட்டு காகிதமான பிறகு சாமானைக் கொண்டுவர ஆரம்பித்தோம். நான் ஆற்றங்கரைக் கிட்டங்கியில் மூட்டை தூக்குகிறவன். சணல் கயிறு, கிழிந்த கோணி, அப்படி ஏதாவது எனக்குக் கிடைக்கும். இன்னொருத்தன் தேவதாஸ். அவன் சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, ஊசி, நூல் கொண்டுவருவான். கறுப்புச் சந்தைதான் பிழைப்பு. செமாபோக் தோட்டங்களில் கருவாட்டுக்கு ஊசியை மாற்றுவான், ஊசிக்கு எண்ணெயை மாற்றுவான். அவன் பைக்கு அடி கிடையாது.

சிக்கல் அங்கேதான் வந்தது. தம்பாவுக்கு எல்லை இல்லை. தேவதாஸ் கையில் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு சோழியைக் குவிப்பான். போனால் தம்பா, அதுவும் போனால் இன்னொரு தம்பா. நானும் தம்பிராஜாவும் பயந்து கவிழ்த்துவிடுவோம். பயப்படாதவர் ஒருத்தர்தான். அப்பாசாமி அண்ணன்.

அப்பாசாமி அண்ணன் செங் பக்கத்திலிருந்து மாட்டுவண்டியில் விறகு ஏற்றி வந்து விற்கிறவர். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பார். எனக்குக் காய்ச்சல் வந்து கிட்டங்கி வாசலில் விழுந்து கிடந்தபோது விறகின் மேல் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான். வழியெல்லாம் வண்டி குலுங்குகிறதென்று மாட்டைத் திட்டிக்கொண்டே வந்தார். மாடு என்ன செய்யும், ரோடு அப்படி. அவரிடம் இருந்த ஒரே கெடுதல், சீட்டைக் கையில் எடுத்தால் கீழே வைக்கத் தெரியாது. தேவதாஸ் குவித்தால் இவரும் குவிப்பார். குவிக்க இல்லாவிட்டால் வண்டியில் கிடக்கிற விறகைச் சொல்வார், நாளைக்கு வரப்போகிற விறகைச் சொல்வார்.

அவர் மனைவி சந்திரமதி கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் முதல் பிள்ளை உண்டாகியிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு மரவள்ளிக் கிழங்கைக் கொடுக்க முடியுமா? பங்கீட்டில் வருகிற கைப்பிடி அரிசியைத் தொடாமல், இரண்டு பேரும் கிழங்கையே தின்று, அந்த அரிசியை ஒரு துணிப்பையில் சேர்த்து எலிக்குப் பயந்து கூரையில் தொங்கவிட்டிருந்தார்கள். அந்தப் பையை நினைத்துத்தான் நான் வாய் திறந்தேன்.

“ராஜாண்ணே, தம்பாவுக்கு ஒரு எல்லை வைங்க. இல்லன்னா அப்பாசாமி அண்ணன் ஒரு நாளைக்கு மாட்ட அவுத்துக்கிட்டு வந்து நடுவுல நிறுத்துவாரு” என்று தம்பிராஜாவிடம் சொன்னேன்.

“நான் எப்படி சொல்றது லா? அவன் மூஞ்சி பாத்தா எனக்கு வாய் வரல” என்றார்.

அதையே நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அவர் அதையே திரும்பச் சொல்வதுமாக இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு, நாங்கள் உட்காருவதற்கு முன்பே தம்பிராஜா கிளப் துரை மாதிரி எழுந்து நின்றார்.

“இன்னிக்கி இருந்து புது சட்டம். ஒரு ஆளுக்கு ஒரு மாசோக், ஒரு தம்பா. மாசோக் எல்லாருக்கும் ஒரே அளவு. அதுக்கு மேல கேட்டா, சூடா. முடிஞ்சிச்சி.”

தேவதாஸ் முறைத்தான். “என் சாமான், என் சோழி. உங்களுக்கு என்னாண்ணே நட்டம்?”

நான் அப்பாசாமி அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவாரோ என்று பயம். அவரோ தொடையைத் தட்டினார். “அருமையான சட்டம்! ரொம்ப நாளா நானே சொல்லணும்னு இருந்தேன்.” பிறகு என் பக்கம் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்: “டேய் சுப்பையா, உனக்காகத்தான்டா போட்டிருக்காங்க. மூட்ட தூக்குற பய, பாவம்னு. மூஞ்சத் தூக்கி வச்சிக்காத, என்னா?”

தேவதாஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என்ன சொல்வது? எனக்கில்லை, உங்களுக்குத்தான் என்றால் சட்டமும் போகும், அவரும் போவார். “சரிண்ணே” என்றேன். அன்றையிலிருந்து என் சோழி குறைந்தால் தன் சோழியில் ரெண்டு மூணை மேசைக்குக் கீழே என் தொடையில் வைப்பார். வேண்டாம் என்றால் கிள்ளுவார்.

சட்டம் அடுப்படிக்கும் போய்விட்டது. அக்கா ஊபியை, அதே மரவள்ளிக் கிழங்கை, வேகவைத்துத் தேங்காய் துருவிப் போட்டுக் கொண்டுவருவார். அப்பாசாமி அண்ணன் மூன்றாம் தடவை தட்டை நீட்டியபோது அக்கா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். “சூடா மாசோக், சூடா தம்பா” என்றார். மலாயில் சூடா என்றால் ஆயிற்று. உள்ளே வந்தாயிற்று, மறுபடியும் போட்டாயிற்று. ஆட்டத்தின் சட்டம் அல்ல, வீட்டின் சட்டம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். அண்ணன் தட்டைத் தொடையில் வைத்துக்கொண்டு, “இது எந்த ஊரு நியாயம் அக்கா?” என்று கேட்டுப்பார்த்தார். நடக்கவில்லை.

இப்படிச் சில ஞாயிறுகள் நல்லபடியாகவே போயின.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறு நல்ல வெயில். கடிகாரத்தை டோக்கியோ மணிக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். அது மாலை என்று சொன்னாலும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாசாமி அண்ணனுக்கு அன்று சீட்டே வரவில்லை. மாசோக் போயிற்று. தம்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து அடியில் நாலைந்து சோழி கிடந்தது. இந்தக் கையோடு எழுந்து போய்விடுவார் என்று நான் உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தேன்.

அந்தக் கையில் நானும் தம்பிராஜாவும் சீட்டைக் கவிழ்த்துவிட்டோம். தேவதாஸ் சட்டத்துக்கு உட்பட்டே அன்று நிறைய ஜெயித்திருந்தான். சீட்டை மாற்றிக்கொண்டதும் தன் முன்னால் இருந்த குவியலிலிருந்து ஒரு மாசோக் அளவுக்குச் சோழியை இரண்டு கையாலும் நடுவுக்குத் தள்ளினான்.

“ஈடு குடுக்கிறீங்களா, கவுக்குறீங்களா அண்ணே?”

அப்பாசாமி அண்ணன் சீட்டைப் பார்த்தார். விரித்தார், மூடினார், மறுபடி விரித்தார். காது சிவந்துவிட்டது. சீட்டைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் வெற்றிலைப் பெட்டியை வைத்துவிட்டு, “யாரும் தொடாதீங்க” என்று எழுந்து வெளியே வண்டிக்குப் போனார். கோணியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் அந்தத் துணிப்பை.

மேசையில் வைத்தார். முடிச்சுக்கு அடியில் ரெண்டு அரிசி தெறித்து விழுந்தது. வெள்ளை அரிசி. தேவதாஸ் எச்சில் விழுங்கியது எனக்குக் கேட்டது, நானும் விழுங்கினேன். நாங்கள் சோறு என்று ஒன்றைக் கிழங்கு கலக்காமல் பார்த்து எவ்வளவோ காலமாகியிருந்தது.

தம்பிராஜாதான் முதலில் வாய் திறந்தார். “அப்பாசாமி, தம்பா முடிஞ்சிச்சி லா. சூடா.”

“இது தம்பா இல்லண்ணே” என்றார் அண்ணன். குரல் இறங்கிப்போயிருந்தது. “இது சந்திரமதி மாசோக். அவ இன்னும் உள்ள வரவே இல்ல. ஆளுக்கு ஒரு மாசோக்னுதான சட்டம்? அவ ஒரு ஆளு இல்லியா?”

“அண்ணே, இது பிள்ளக்கி வச்ச அரிசி” என்றேன்.

“தெரியும்டா. இது எத்தன நாளைக்கிக் காணும்? ரெண்டு வேள கஞ்சி வச்சா பையி கவுந்திரும். ஒன்ன ரெண்டாக்குனாத்தான் அவ தேறுவா. நீ சும்மா இரு. உனக்காகச் சட்டம் போட்டப்ப நான் வாயத் தொறந்தேனா?”

தம்பிராஜா தலையைச் சொறிந்தார். துரைமார் கிளப்பில் பெண்டாட்டி பேரில் யாரும் மாசோக் கேட்டதில்லை போலிருக்கிறது. தேவதாஸ் பையையும் தன் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தான். “சட்டப்படி பாத்தா...” என்று ஆரம்பித்தான்.

அதற்குள் அடுப்படியிலிருந்து அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார். நேரே வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தார். சந்திரமதி மாசோக் என்றால் மலாயில் சந்திரமதி உள்ளே வருகிறாள். அக்காவுக்கு அவ்வளவுதான் காதில் விழுந்திருக்கிறது. “எங்கே அவள்? வயிற்றுப்பிள்ளைக்காரியை வெயிலில் நிறுத்திவிட்டா சீட்டாடுகிறீர்கள்?” என்று மலாயில் ஒரு பிடி பிடித்தார்.

தம்பிராஜா மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அக்கா பையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். “அவளுடைய மாசோக் என்றால் அவள்தான் வந்து உட்கார வேண்டும். ஆளில்லாமல் என் சோழியைக் கொடுக்க மாட்டேன்” என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு குடையை விரித்துத் தெருவில் இறங்கிவிட்டார்.

“அக்கா! அக்காவக் கூப்பிடுங்கண்ணே, அவ தூங்குவா!” அப்பாசாமி அண்ணன் பதறினார். ஒருத்தரும் கூப்பிடவில்லை. தேவதாஸ்கூட.

வீடு பக்கத்துச் சந்துதான். கொஞ்ச நேரத்தில் சந்திரமதி ஒரு கையை இடுப்புக்குப் பின்னால் முட்டுக்கொடுத்துக்கொண்டு, அக்காவின் குடைக்குக் கீழே மெதுவாக நடந்து வந்தாள். தம்பிராஜா எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். புருஷனைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தாள்.

“எலி தூக்கிட்டுப் போயிருச்சின்னு நெனச்சேன்” என்றாள். “பெரிய எலிதான்.”

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“இந்த ஆட்டத்துல மாசோக்னா என்னாண்ணே?” என்று தம்பிராஜாவைக் கேட்டாள்.

“உள்ள வர்றதுமா.”

“நான்தான் உள்ள வந்துட்டேனே. ஜெயிச்சா என்னா கெடைக்கும்?”

“சோழி.”

“சோழியில கஞ்சி வைக்கலாமா?”

“அதுக்குச் சாமான் குடுப்பாங்க புள்ள” என்று அண்ணன் குறுக்கே விழுந்தார். “சவுக்காரம் இருக்கு, கருவாடு இருக்கு, தேவதாசு அரிசிக்கும் மாத்திக் குடுப்பான். மதி, இந்தச் சீட்ட மட்டும் ஒருவாட்டி பாரேன். சத்தியமா...” என்று வெற்றிலைப் பெட்டியைத் தூக்கினார். அவள் சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டாள்.

“எனக்குச் சீட்டு தெரியாதுங்க. உங்க மூஞ்சி தெரியும். அந்த நொண்டி மாட்ட வாங்கிட்டு வந்தப்பவும் இதே மூஞ்சிதான்.”

தேவதாஸ் கொல்லென்று சிரித்துவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். “ஒரு மாசோக், ஒரு தம்பான்னு ஏதோ சட்டமாமே. அக்கா வழியில சொன்னாங்க. யாருக்காகப் போட்டது?”

“இந்தச் சுப்பையன் பயலுக்காக” என்றார் அண்ணன்.

“எனக்காகத்தான்” என்றான் தேவதாஸ், கொஞ்சம் பெருமையாக. “நான் ரொம்ப ஜெயிக்கிறேன்னு வயித்தெரிச்சல்.”

நான் தம்பிராஜாவைப் பார்த்தேன். நான் கெஞ்சியதை நினைத்துத்தான் போட்டார் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவர் கூரையைப் பார்த்தார். அக்காவுக்குக் கேள்வி புரிந்துவிட்டது. அவரே பதில் சொன்னார். என் சோழி அளவானது, இவர்கள் தம்பா தம்பா என்று கேட்டுக்கொண்டே இருந்தால் சோழிக்கு நான் கடலுக்கா போவேன், ஆளுக்கு ஒன்றுக்கு மேல் கிடையாது என்று சொல்லிவிடுங்கள் என்று நான்தான் இவரிடம் சொன்னேன் என்றார்.

சந்திரமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“அப்ப உங்களுக்குன்னு யாரும் ஒரு சட்டமும் போடல. நான் போடறேன். மாசோக்குக்கு நான் என்னா குடுத்தனுப்புறேனோ அதுதான். தோத்தா எந்திரிச்சி வந்திரணும். தம்பா இந்த வீட்டுல கெடையாது. தம்பா வேணும்னா நம்ம வீட்டுக்கு வந்து தட்ட நீட்டுங்க, போடறேன்.”

“வீட்டுல ஊபிதான புள்ள இருக்கு...”

“ஊபிதான். ஆனா கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேன்.”

அண்ணன் மேசையில் சிந்திக் கிடந்த ரெண்டு அரிசியை விரலில் ஒற்றி எடுத்துப் பையின் வாய்க்குள் போட்டார். முடிச்சை இறுக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். “கவுத்துட்டேன்டா தேவதாசு, அள்ளிக்க” என்றார். சந்திரமதியைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றி உட்காரவைத்தார். மாட்டைத் தட்டிவிட்டு, அங்கிருந்தே திரும்பி, “உன் கையில என்னாடா இருந்துச்சி?” என்று கத்தினார்.

“போங்கண்ணே, அண்ணி வெயில்ல இருக்காங்க” என்றான் தேவதாஸ்.

வண்டி சந்துக்குள் திரும்பிய பிறகு தன் சீட்டைத் திருப்பிப் போட்டான். அஞ்சும் ஆட்டின். நல்ல கைதான். தம்பிராஜா கட்டைச் சேர்க்கும்போது அப்பாசாமி அண்ணன் வைத்துவிட்டுப்போன சீட்டுகளையும் திருப்பினார்.

மூன்று ராணி. ரெண்டு ஒன்பது.

தேவதாசுடையதைவிடப் பெரிய கை. நடுவில் குவிந்திருந்த அவ்வளவும் அவருக்கு வந்திருக்கும். அந்தப் பை இன்னொரு பையோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

தம்பிராஜா அவசர அவசரமாகக் கட்டைக் கலைத்தார். “யாரும் பாக்கல” என்றார்.

“தெரிஞ்சா அவரு அடுத்த வாரம் கூரையவே பிரிச்சிக்கிட்டு வந்திருவாரு” என்றான் தேவதாஸ். சோழியை அள்ளிக்கொண்டான். எடுக்காமல் விட்டால் சந்தேகம் வரும் என்றான். ஆனால் அன்று அதற்குமேல் ஆடவில்லை.

மறுநாள் கிட்டங்கியில் என் முதுகில் மூட்டை இருக்கும்போதே அண்ணன் வந்து மறித்துக்கொண்டார். “டேய், தேவதாசு கையில என்னா இருந்துச்சி? நீ பாத்திருப்ப. சொல்லு.” யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “நாலு ராஜாண்ணே.”

அண்ணன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். “நாலு ராஜாவா! அடேயப்பா, மதி வராட்டி என் கத என்னாடா ஆயிருக்கும்!” அன்றையிலிருந்து விறகு வாங்குகிற வீடெல்லாம் அதே பேச்சுதான். பெண்டாட்டி வந்து நாலு ராஜாவிடமிருந்து காப்பாற்றிய கதை. சந்திரமதி அதைக் கேட்கும்போதெல்லாம் முகத்தை நொடித்துக்கொண்டாலும் எழுந்து போகமாட்டாள்.

பிள்ளை பிறந்தது, பெண். சந்திரமதிக்கு அரிசிக் கஞ்சி கிடைத்தது. அண்ணன் பயந்ததுபோலப் பை சீக்கிரமே காலியாயிற்று. அப்போது தேவதாஸ் ஒரு பால் டின்னைக் கொண்டுவந்து, “நசுங்கிப் போச்சி, எவனும் வாங்க மாட்டேங்கிறான், சண்டைக்கு முந்தின வெலைக்கே எடுத்துக்கங்க” என்று அண்ணனிடம் கொடுத்துவிட்டுப் போனான். டின்னில் ஒரு நசுங்கலும் இல்லை. பிறகு இன்னொன்றும் அதே மாதிரி நசுங்கியது.

பிள்ளை குப்புற விழுகிற பருவத்தில் ஒரு நாள், அண்ணன் வண்டியில் நானும் ஏறிச் செங் பக்கம் விறகு ஏற்றப் போய்க்கொண்டிருந்தேன். நாலு ராஜா கதையை அவர் அன்று ஒரு சீன முதலாளியிடம் மலாயில் அளந்துவிட்டு வந்திருந்தார். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

“சுப்பையா, அன்னிக்கிச் சீட்டு மாத்துனப்ப நான் எதக் கீழ போட்டேன்னு தெரியுமாடா?”

“தெரியாதேண்ணே.”

“ஒரு ராஜா.”

ஒரு ராஜா இவரிடம் இருந்திருந்தால் நாலு ராஜா தேவதாசிடம் எப்படி இருக்கும்? நான் சொன்ன நிமிஷமே இவருக்குத் தெரிந்திருக்கிறது.

“அப்பறம் ஏன்ணே ஊரெல்லாம்...”

“அவகிட்ட மூச்சு விட்றாத. தெரிஞ்சா, வர்ற அரிசியத் தடுத்துட்டோமேன்னு ஒக்காந்து அழுவா. இப்ப எவ்வளவு தெம்பா இருக்கா பாத்தியா?” மாட்டின் முதுகில் ஈயை விரட்டினார். “ஆனா நீ வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாம்டா. நாலு ஜாக்கின்னு சொல்லியிருந்தா நானே நம்பியிருப்பேன். நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நடிச்சி நடிச்சி எனக்கு மாரு வலிக்குது.”